ஊசி படாத பட்டு

உண்ணாமலையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. எங்கள் ஊர்மீது கோபம், அதைவிட அதிகமாக என்மீது. ஊர் கறம்பக்குடிக்கு மேற்கே ஐந்து மைல். பெயரை எழுதவில்லை, என் பங்காளிகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நான் அங்கே தையல் மிஷின் போட்டிருந்தேன்.

அவள் கணவன் ஆண்டியப்பன் நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்தவன். அவனோடு ஊர் ஊராகப் போனவள், ராஜபார்ட் உடுப்புகளுக்கு ஒட்டுப்பூ வேலை செய்யக் கற்றுக்கொண்டாள். 1949இல் அவன் காய்ச்சலில் செத்துப்போக, பிறந்த ஊருக்கே திரும்பி வந்து, என் கடைக்கு அடுத்த கொட்டகையில் குடியேறினாள். வந்த மறுவாரமே வேலையைத் தொடங்கிவிட்டாள்.

தச்சர்கள் மரம் ஒட்டுகிற வஜ்ஜிரத்தை ஊறவைத்து, சட்டியில் மெல்லக் காய்ச்சி, புளியங்கொட்டைப் பசையைக் கலப்பாள். கெட்டித் தாளைக் கூம்பாகச் சுருட்டி, நுனியில் பொட்டளவு ஓட்டை விட்டு, சூடு ஆறுவதற்குள் துணிமேல் பிழிந்துகொண்டே போவாள். மயில், மாங்காய், கொடி, எதுவானாலும் கை நடுங்காது. ஈரம் காய்வதற்குள், பொடிப்பொடியாக நறுக்கிவைத்த பட்டுநூல் துகளைச் சல்லடையால் தூவுவாள். பொன்நிறம் வேண்டிய இடத்தில் ஜிகினாப் பொடி. பாதி காய்ந்ததும் ஈர்க்குச்சியால் சாய்வாகக் கீறிவிட்டால், இழை இழையாக நூல் ஓடியது மாதிரி பூ எழும்பி நிற்கும். தையற்காரனான நானே முதல் தடவை விரலால் தடவிப் பார்த்து ஏமாந்தேன்.

அவளாக யாரையும் ஏமாற்றியதில்லை. இது பசை வேலை, தண்ணீரில் நனைக்கக் கூடாது, அழுக்குப் பட்டால் காய்ந்த துணியால் தட்டி எடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் கொடுப்பாள். வாங்கிப் போனவர்கள் அடுத்த தெருவுக்குள் நுழைந்ததும், தஞ்சாவூரில் தைத்தது என்பார்கள். அதற்கு அவள் என்ன செய்வாள்?

1954 வைகாசியில் ஊர்த் தலைவரான அம்பலம் உடையப்பன் தன் மகள் அழகிக்குக் கல்யாணம் வைத்தார். மாப்பிள்ளை வீட்டார் மணமேல்குடிப் பக்கம், வசதியானவர்கள். நிச்சயத்தன்று சபையில், பெண்ணுக்குக் காசியிலிருந்து சரிகைப் பூவேலைப் பட்டு வருகிறது என்று அம்பலம் பெருமை அடித்துவிட்டார். வாய் காசிவரை போனது, கை போகவில்லை. அரக்குச் சிவப்பில் பூவேலை இல்லாத ஒரு வெறும் பட்டுச்சேலையை எடுத்துக்கொண்டு உண்ணாமலையிடம் வந்து நின்றார். முந்தானையில் அவள் பூ போட வேண்டும். பின்பக்கம் தையல் இல்லாததை யாரும் பார்த்துவிடாதபடி நான் உள்துணி வைத்து ஓரம் தைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் எங்கள் இருவரையும் ஐயனார் கோயிலுக்கு அழைத்துப் போனார். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைக்கவைத்து, இது பசை என்று யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். பெண்டாட்டியிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. அதுதான் வினையாக முடிந்தது.

ஆடிக்கு அழகியும் மாப்பிள்ளையும் வந்தார்கள், சம்பந்தியும் கூடவே வந்தார். விருந்தில் பட்டு முந்தானையில் குழம்பு சிந்திவிட்டது. விஷயம் தெரியாத அம்பலத்தின் மனைவி அதை ராக்காயியிடம் வெளுக்கக் கொடுத்துவிட்டாள்.

ராக்காயி எங்கள் ஊருக்குத் துணி வெளுத்தவள். ஐம்பது வயதுக்காரியை, பால்குடி மறந்த பிள்ளைகூட வாடி போடி என்று கூப்பிடும். அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை, நானும் நினைத்ததில்லை. தொழிலில் அவளைக் குறை சொல்ல முடியாது. பட்டை வெள்ளாவியில் வைக்கக் கூடாது என்று தெரிந்தவள், பூந்திக்கொட்டையை ஊறவைத்து, அந்த நுரையில் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அலசியிருக்கிறாள். மயில் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. பதறிப்போய் வெளியே எடுப்பதற்குள் கொடியும் கரைந்துவிட்டது.

அவள் அதை ஒளிக்கவில்லை. ஈரப் பட்டை அப்படியே தூக்கிக்கொண்டு அழுதபடி அம்பலம் வீட்டு வாசலுக்கு ஓடினாள். சம்பந்தி உள்ளே உட்கார்ந்திருந்தார். அம்பலம் பசை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் சொன்னதோ, சரிகையை உருவி விற்றுவிட்டு நாடகம் ஆடுகிறாள் என்பது. உருவுவதற்கு அதில் ஓர் இழைகூடக் கிடையாது என்று தெரிந்தே அந்த மனிதர் ஒரு ஏழைப் பெண்பிள்ளைமேல் திருட்டுப் பட்டம் கட்டினார். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

மறுநாள் காலையில் மந்தையில் ஊர் கூடியது. தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவரும் உடையப்பன்தான். களத்தில் ராக்காயிக்கு அளக்கிற நெல்லை நிறுத்துவது, குடிசையைக் காலி செய்துகொண்டு பிள்ளை குட்டிகளோடு ஊரைவிட்டுப் போய்விடுவது என்று பேச்சு போயிற்று. ராக்காயி தரையில் விழுந்து கிடந்தாள்.

“ஐயனாரு முன்னால சூடம் அணைக்கிறேன் சாமி. உருவியிருந்தா என் கை வெந்து போகட்டும்.”

அதற்கும் வழியில்லை என்றார்கள். அவள் கோயிலுக்குள் வரக் கூடாதாம். பழியைச் சுமக்கலாம், சத்தியம் செய்து அதை இறக்கிவைக்கக் கூடாது. என்ன நியாயம் இது!

பெண்கள் மந்தைக்குள் வருவதில்லை. ஓரத்தில் நின்ற உண்ணாமலை விறுவிறுவென்று நடுவில் வந்து நின்றாள்.

“நான் அணைச்ச சூடத்த இப்ப மீறுறேன். அந்தப் பாவம் எனக்கு வரட்டும். அது சரிகை இல்லைங்க. நான் பிழிஞ்ச பசை.”

யாரும் தடுப்பதற்குள் பட்டை எடுத்து, நான் தைத்த உள்துணியைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். முந்தானையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

“நூலு ஓடியிருந்தா ஊசி போன தடம் இருக்கணும்ல? இங்கிட்டு வந்து பாருங்க. ஒத்த ஓட்டை காட்டுங்க.”

சம்பந்தி எழுந்து வந்து பட்டை வாங்கி விரல்விரலாகத் தடவிப் பார்த்தார். அம்பலத்துக்கு முகம் கறுத்துவிட்டது. திருட்டில் இவளுக்கும் பங்கு, அதனால்தான் பரிந்து பேசுகிறாள் என்றார். அப்போதுதான் உண்ணாமலை என் பக்கம் திரும்பினாள்.

“செல்லமுத்து அண்ணே, உள்துணி வச்சுத் தச்சது நீங்க. பாத்தத சொல்லுங்க.”

ஊரே என்னைப் பார்த்தது. அம்பலமும் பார்த்தார். என் கடை இருந்த இடம் அவருடையது. என் மனைவி, மிஷின், பிள்ளைகள் எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்து போயின. ஓரம் தைத்ததோடு சரி, பூ எதனால் ஆனது என்று பார்க்கவில்லை என்றேன். துணியைப் பார்க்காத தையற்காரன் எந்த ஊரில் இருக்கிறான்? அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் அது பொய் என்று தெரியும்.

“சரிண்ணே” என்றாள். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் கைவிட்டாலும் பட்டு கைவிடவில்லை. அதில் ஓட்டை இல்லை. துணி வெளுத்த அந்தப் பொம்பளையை விடுங்கள் என்று சம்பந்தியே சொன்னார். ராக்காயியை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். இனிமேல் கேட்டுவிட்டு நனை என்று அதட்டல் வேறு. தப்பு எங்களுடையது என்று ஒருவன் வாய் திறக்கவில்லை. சம்பந்திகளுக்குள் எப்படியோ சமாதானமாகிவிட்டது. பெரிய வீடுகளுக்குள் அது எப்போதும் ஆகிவிடும்.

ஊரின் கோபம் முழுக்க உண்ணாமலைமேல் திரும்பியது. சூடம் அணைத்ததை மீறியது சாமி குற்றமாம். பொய்யைக் காப்பாற்றச் சூடம் ஏற்றியவரை ஐயனார் ஒன்றும் செய்ய மாட்டாராம். அவளுக்கு யாரும் வேலை கொடுக்கக் கூடாது, கிணற்றில் அவள் வாளி விழக் கூடாது என்று முடிவாயிற்று. ராக்காயி தன் குடத்தில் கொண்டுவந்து வைத்த தண்ணீரைத்தான் அவள் நான்கைந்து மாதம் குடித்தாள். தை பிறந்ததும் புதுக்கோட்டைக்குப் புறப்பட்டுவிட்டாள். மூட்டையைச் சுமந்துபோய் பஸ் ஏற்றிவிட்டவளும் ராக்காயிதான். நான் மிஷினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, தைத்த துணியையே திரும்பத் தைத்துக்கொண்டிருந்தேன்.

1961இல் என் மகள் காத்தாயிக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை வாத்தியார். பட்டில் மயில் வேண்டும் என்று காத்தாயி ஒற்றைக் காலில் நின்றாள். எங்கெங்கோ விசாரித்துவிட்டு, கடைசியில் வெட்கத்தை விட்டுப் புதுக்கோட்டைக்குப் போனேன். கீழராஜ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் உண்ணாமலை இரண்டு பெண்களை வைத்து வேலை செய்துகொண்டிருந்தாள். இங்கே செய்வது பசை வேலை, தையல் வேலை அல்ல என்று வாசலிலேயே பலகை தொங்கியது.

என்னைப் பார்த்ததும் வாங்கண்ணே என்று தண்ணீர் கொடுத்தாள். பழையதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. பத்து நாளில் மயில் தோகை விரித்து நின்றது. நனைக்கக் கூடாது என்று வழக்கம்போலச் சொல்லிக் கொடுத்தாள். அன்றைக்கு மந்தையில் நான் செய்தது தப்பு என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அதை விடுங்கள் என்றாள்.

“மாப்ள வீட்டுல இத என்னன்னு சொல்லுவீங்க?”

“பசை வேலைன்னுதான் சொல்லுவேன் தங்கச்சி.”

“சொல்ல மாட்டீங்கண்ணே” என்றாள். குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் அவள்மேல் சுருக்கென்று கோபம் வந்தது. மனிதன் ஒரு தடவை தவறக் கூடாதா, என்னை இவ்வளவுதான் என்று நினைத்துவிட்டாளா என்று பஸ்ஸில் வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

முகூர்த்தம் முடிந்து பந்தியில் நான் பரிமாறிக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளையின் தாயார் காத்தாயியின் முந்தானையைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். பக்கத்தில் நான்கைந்து சம்பந்தி வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். பூவேலை ரொம்ப நேர்த்தியாக இருக்கிறதே, எங்கே தைத்தது என்று கேட்டார்.

மதுரையில் என்றேன்.