வெள்ளிக்கிழமையின் பச்சை

"ஏமய்யா சேகர், என்னய்யா இது? என் லேப்ல இருந்து போன். ரிப்போர்ட் ஒண்ணுமே திறக்கலையாம். ஆபரேஷனுக்குக் காத்திருக்கிற பேஷண்டோட ரிப்போர்ட்டும் வரலையாம். இங்க டிவியில எல்லாம் பச்சையா எரியுதே, எப்பிடி?"

கேட்டவர் டாக்டர் வசந்தா. மாரெட்பள்ளியில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். செகந்திராபாத்தைச் சுற்றி ரத்தப் பரிசோதனை லேப்கள் வைத்திருந்தார். அவற்றின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எங்கள் கம்பெனிக்கு. ஒப்பந்தத்தை நீட்டிப்பது பற்றிப் பேச அன்று மாதாப்பூர் ஆபீசுக்கு நேரில் வந்திருந்தார்.

எங்கள் மேனேஜர் சேகர் அவர் எதிரே டை கட்டிக்கொண்டு நின்றார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். பதில் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

1. பச்சைப் பைத்தியம்

இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். மானிட்டரிங் என்பது பெரிய மந்திரம் இல்லை. டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது, மெமரி எவ்வளவு மிச்சம், நெட்வொர்க் எங்கே திணறுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது. நன்றாக இருந்தால் பச்சை, கவனிக்க வேண்டுமென்றால் மஞ்சள், ஆபத்து என்றால் சிவப்பு. சிவப்பைக் காட்டத்தான் அந்த சாஃப்ட்வேரையே காசு கொடுத்து வாங்குகிறோம்.

சேகருக்கு இது கடைசிவரை புரியவில்லை. அவருக்கு அது அலங்கார விளக்கு. ரிசப்ஷன் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு பிளாஸ்மா டிவி மாட்டி, அதில் எங்கள் மானிட்டரிங் திரையை ஓட விட்டார். வருகிற கிளையண்டுகளை அதன் முன்னால் நிறுத்தி போட்டோ எடுப்பார். அதில் ஒரு மஞ்சள் தெரிந்தால் போதும், மனிதருக்கு உடம்பெல்லாம் பதறும்.

"கிளையண்ட் வர்ற நேரத்துல என்ன பா இது அசிங்கம்? மாத்து!" என்பார்.

"சர்வர சரி பண்ணாத்தான் சார் கலர் மாறும்" என்பேன்.

"நீ எதுக்கெடுத்தாலும் நெகட்டிவ் பா."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம். எங்கள் பூனைக்கு கம்பெனி கார் கொடுத்திருந்தது.

2. திங்கட்கிழமை காலை

அன்று காலை ஷிஃப்ட் ரெஹானாவுக்கு. பூர்வீகம் ஆம்பூர், பிறந்து வளர்ந்தது செகந்திராபாத் பக்கத்து அல்வால். அப்பா அங்கே ராணுவப் பட்டறை ஒன்றில் ரிடையர் ஆகும் தறுவாயில் இருந்தார். இவள் சம்பளத்தை நம்பித்தான் இனி வீடு. வேலைக்குச் சேர்ந்து ப்ரொபேஷன் முடியவில்லை. ஒரு கெட்ட பெயர் விழுந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வந்து உட்கார்ந்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். லேப் டேட்டாபேஸ் சர்வரின் டிஸ்க் சிவப்பில் இருந்தது. டேட்டாபேஸ் தான் செய்வதையெல்லாம் லாக் ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். பழைய லாகுகளை அவ்வப்போது வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் டிஸ்க் நிறையும், நிறைந்தால் டேட்டாபேஸ் நின்றுவிடும். மாற்றுவது சில நிமிட வேலை. ஆனால் மேனேஜர் சரி என்று சொல்லாமல் கிளையண்ட் சர்வரில் கை வைக்கக் கூடாது என்பது விதி.

என்னைக் கூட்டிக்கொண்டு நேராக சேகரின் சீட்டுக்குப் போனாள்.

"சார், லேப் சர்வர் மத்தியானம் வரைக்கும் தாங்காது. லாக மூவ் பண்ணட்டுமா?"

"இன்னைக்கு டாக்டர் வராங்க. சேஞ்ச் ஃப்ரீஸ். எவனும் எதையும் தொடக் கூடாது."

"டாக்டரோட சர்வர்தான் சார் அது!"

"அவங்க போனப்புறம் பாத்துக்கலாம் மா."

நானும் சொன்னேன். வாதாடினேன். குரலை உயர்த்தியும் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அதோடு விட்டாரா? டிவியில் அந்தச் சிவப்பு தெரிகிறதே என்று அவருக்கு ஞானோதயம் வந்தது. போன வாரம் எல்லாம் பச்சையாக இருந்த ஒரு நாளின் திரையைப் படமாகப் பிடித்து வைத்திருந்தாராம். மானிட்டரிங்கை நிறுத்திவிட்டு அந்தப் படத்தை டிவியில் போட்டார்.

"இப்ப எப்பிடி?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நாள்பட்ட நோயாளி பக்கத்தில் அவனுடைய கல்யாண போட்டோவை வைத்து, பாருங்கள் குணமாகிவிட்டான் என்று சொல்கிற டாக்டரை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்துவிட்டேன். எம்.பி.ஏ. படித்திருந்தார்.

3. டிவி முன்னால்

டாக்டர் வந்தார். காபி வந்தது. சேகர் டிவியைக் காட்டி, "ட்வென்டி ஃபோர் பை செவன் மேடம், கண்ணுல எண்ணெய் விட்டுப் பாக்கறோம்" என்று அளந்துகொண்டிருந்தபோதுதான் டாக்டருடைய செல்போன் அடித்தது.

பேசி முடித்ததும்தான் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு டிவிக்குக் கிட்டே போனார். படத்தின் மூலையில் கிழமையும் நேரமும் இருந்தன.

"இன்னைக்கு திங்கக்கிழமை. உங்க டிவியில வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்கே?"

சேகர் டிவியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய் ரெஹானாவிடம், "மூவ் பண்ணும்மா, யாரையும் கேக்காத, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அவள் விரல் ஏற்கெனவே கீபோர்டில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் லேப் எழுந்துவிட்டது. ஆபரேஷனுக்குரிய ரிப்போர்ட் போய்ச் சேர்ந்துவிட்டது என்று டாக்டருக்கு போன் வந்தபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

4. யாருடைய ஷிஃப்ட்?

சாப்பாட்டுக்குப் பிறகு மீட்டிங். டாக்டர் போகாமல் உட்கார்ந்திருந்தார். மேலிடத்திலிருந்து வைஸ் பிரசிடென்ட் வந்திருந்தார். வாயைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "யாரோட ஷிஃப்ட்?"

சேகர் அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி, "ரெஹானா ஷிஃப்ட் சார். புதுசு. டிஸ்க் ஃபுல் ஆனத கவனிக்கல. ஆக்‌ஷன் எடுத்தாச்சு" என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது.

"கவனிச்சா சார். வந்ததும் வராததுமா இவரு சீட்டுக்கே வந்து சொன்னா. நான் பக்கத்துல நின்னேன். தொடாதன்னு சொன்னது இவரு. டிவியில போட்டோவ மாட்டுனதும் இவருதான்" என்றேன்.

"ஏய், டீம் ஸ்பிரிட் இல்லையா உனக்கு?" என்றார் சேகர். வெட்கம் என்பது அந்த மனிதரின் அகராதியில் அச்சிடப்படவே இல்லை.

டாக்டர் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். ரெஹானாவின் பக்கம் திரும்பினார்.

"அம்மாயி, நீ சொல்லு பொண்ணே. காலையில சொன்னியா?"

"ஹவ் மேடம், ஆமா, சொன்னேன். கைக்கு, எதுக்கு நான் பொய் சொல்லணும்?"

"சரி. இனிமே என் சர்வர்ல சிவப்பு வந்தா இவங்க யாரையும் கேக்காம எனக்கு நேரா போன் பண்ணுவியா?"

ரெஹானாவின் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"பண்ணுவேன் மேடம். ஆனா இனி எனக்குச் சிவப்பு தெரியாது. சாப்பிடப் போய்ட்டு வரதுக்குள்ள என் லாகின எடுத்துட்டாங்க."

சேகர் சொன்ன ஆக்‌ஷன் அதுதான். டிவியில் அந்த வெள்ளிக்கிழமை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்தப் பெண்ணின் லாகினை நிறுத்த மட்டும் அத்தனை சுறுசுறுப்பு!

டாக்டர் எழுந்துவிட்டார். "பார்த்துச் சொன்னவ கண்ணைக் கட்டிட்டு, எனக்குப் படம் காட்டறீங்களா? இந்தப் பொண்ணு இருந்தா என் லேப் இங்க இருக்கும். இல்லைன்னா இல்லை" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் லிஃப்டுக்குப் போவதற்குள் லாகின் திரும்ப வந்தது. வேலையும் நிரந்தரமானது. கம்பெனிக்கு நியாயம் புரிந்துவிட்டது என்று யாரும் கண்ணீர் விட வேண்டாம். புரிந்தது ஒப்பந்தம் மட்டும்தான். சேகருக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு பிராஜெக்டுக்கு, இன்னும் பெரிய டிவியோடு போனார்.

அதற்குப் பிறகு நான் பல டீம்களை நடத்தினேன். சர்வர்கள் விழுந்திருக்கின்றன, விழாத சர்வர் உலகத்தில் கிடையாது. விழுந்த நாளில் "யாரோட ஷிஃப்ட்?" என்று நான் ஒருவரையும் கேட்டதில்லை. "முதல்ல சொன்னது யாரு, கேக்காதவன் யாரு?" என்றுதான் கேட்டிருக்கிறேன். அந்த இரண்டாவது கேள்விக்காகவே சில மேனேஜர்கள் என்னை அவர்கள் மீட்டிங்குக்குக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். கூப்பிடாமல் போனதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அந்த நேரத்தில் சர்வரைப் பார்த்தேன்.