பாறை மண்டபத்தில் வடிந்த தேன்

கண்டாச்சிபுரம் பக்கத்தில் ஒரு குன்றின் மேல், உச்சி வெயிலில், என் கணவருக்கு என்னை அடையாளம் தெரியாமல் போனது. இறைமக்களே, அங்கிருந்துதான் என் சாட்சியைத் தொடங்க வேண்டும்.

என் பெயர் புஷ்பமேரி. திண்டிவனத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கணவர் சூசை, பழைய கல் எங்கே கிடந்தாலும் தேடிப் போகிறவர். சர்க்கரை வியாதிக்காரர். போன தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, குன்றின் பின்புறம் இடிந்த மண்டபம் இருப்பதாக யாரோ சொன்னதை நம்பி, பாதையை விட்டு விலகி நடந்தோம். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சாப்பாட்டுப் பையை வண்டியிலேயே வைத்துவிட்டோம்.

வழி தவறியது. பாறைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. கானல் அவற்றின்மேல் தண்ணீர் போல அசைந்தது. அவரோ காலையில் சர்க்கரைக்கு மாத்திரை போட்ட உடம்பு, சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. ஒரு கல்லில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"கடல் தெரியுது பாரு," என்றார். பிறகு என்னையே பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டார்.

போனில் டவர் இல்லை. அவரை விட்டுவிட்டுப் போகவும் பயம். வருடக்கணக்காகத் துணி தைத்துக்கொண்டே வாய் மட்டும் செபமாலை சொன்னவள் நான். அன்று ஒரு மந்திரம்கூட முழுதாக நினைவுக்கு வரவில்லை. கண்ணை மூடி, மாதாவை நினைத்து "அம்மா, அம்மா" என்று மட்டும் அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எல்லாம் கனவில் நடப்பது போலிருந்தது.

கண் திறந்தபோது பாறை இடுக்கிலிருந்து நீலப் புகை மெல்ல எழும்பியது. அதற்குள்ளிருந்து வருவது போல ஒருவர் வந்தார். இருளர் குடும்பத்துக்காரர், பெயர் ஏழுமலை. நாங்கள் தேடிய மண்டபம் நாலு பாறைக்கு அப்பால்தான் இருந்திருக்கிறது. அதன் கூரை விரிசலில் தேன் எடுக்கப் புகை போட்டிருக்கிறார். கையில் தேனடை சொட்டிக்கொண்டிருந்தது.

நான் சர்க்கரை இறங்கிவிட்டதைச் சொன்னேன். அவர் அடையைப் பிழிந்து என் விரலில் விட்டார். நான் கணவரின் உதட்டில் தடவினேன். நக்கினார். மறுபடி தடவினேன். கொஞ்சம் கொஞ்சமாக அவர் கண்களில் நான் தெரிய ஆரம்பித்தேன்.

"புஷ்பா, ஏன் அழுவுற?" என்றார்.

எப்படி இந்தப் பக்கம் வந்தீர்கள் என்று ஏழுமலையைக் கேட்டேன்.

"வேற குன்னுக்குத்தாம்மா கெளம்பினேன். கீழ வைக்கப்போரு இருக்குது, பொகை போடாதன்னுட்டாங்க. இங்க வந்தா, யாரோ அம்மான்னு கூப்ட்டுக்கினே இருக்கற மாரி கேட்டுது."

அவர்தான் எங்களைக் கைத்தாங்கலாகச் சாலை வரை கூட்டிவந்தார்.

இப்போது செபம் சொல்லும்போது தையல் மிஷினை நிறுத்திவிடுகிறேன். கணவர் சட்டைப்பையில் வெல்லம் இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. எங்கள் வீட்டு விசேஷம் எதுவும் ஏழுமலை குடும்பம் இல்லாமல் நடப்பதில்லை.

உங்களில் யாராவது இன்று வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தால், வார்த்தை தேடாதீர்கள். வந்த சொல்லைச் சொல்லிக் கூப்பிடுங்கள். மாதா கேட்கிறாள். யாரை அனுப்புவது என்று அவளுக்குத் தெரியும்.