இரட்டைக் கதவு அறையும் அத்தையின் ஃபோனும்

எங்கள் ஆஸ்பத்திரியின் சர்வர் அறைக்கு இரண்டு கதவுகள். முதல் கதவு முழுசாகச் சாத்திக்கொண்டால்தான் இரண்டாவது திறக்கும். நடுவில் ஓர் ஆள் நிற்கத்தான் இடம். கட்டிய புதிதில் மருந்துக் கடை ஊழியர் ஒருவர் அதற்குள் மாட்டிக்கொண்டு, "ஏனுங்க, யாராச்சும் இருக்கீங்களா?" என்று கத்தியது வெளி நோயாளிகள் வரிசை வரைக்கும் கேட்டது. எனக்குப் 'பூட்டுக்காரம்மா' என்று பேர் வைத்தவர் அவர்தான். அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் திமிரும் இருந்தது. இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் சுருக்கென்கிறது.

நாமக்கல் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி அது. கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பு. நான் சேர்ந்தபோது நோயாளிகளின் பதிவுகள் அத்தனையும் இருந்த சர்வர், மாடிப்படிக்கு அடியில் ஒரு சந்தில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே ஏசி இருந்தது என்பதால் அது எல்லாருக்கும் சொந்த இடம். லேப் பெண்கள் மோர் பாட்டிலை சர்வர் பெட்டிமேல் வைப்பார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் மதியச் சாப்பாடு முடிந்ததும் அங்கேதான் துண்டை விரிப்பார். பாஸ்வேர்டு சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தது. பார்த்த அன்றைக்கே எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

தனி அறை வேண்டும் என்று பெரிய டாக்டரிடம் போய் நின்றேன்.

"ஏம்மா, நம்மூர்ல வந்து இதையெல்லாம் எவன் திருடப் போறான்?" என்றார்.

"திருட வரமாட்டாங்க சார். சொந்தக்காரங்களா வந்து கேட்டு வாங்கிட்டுப் போயிருவாங்க."

அவர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார். ஜன்னல் இல்லாத அறை, இரட்டைக் கதவு, கேமரா, ஆளுக்கொரு பாஸ்வேர்டு எல்லாம் வந்தது. யார் யாருடைய பதிவைத் திறந்தாலும் திறந்தவர் பேர் அதில் நிற்கும். தனிப்பட்ட தகவலுக்கென்று சட்டம் வந்தபோது மற்ற ஆஸ்பத்திரிகள் பதறிக்கொண்டிருந்தன, நான் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவேற்பில் இருக்கும் பெண்களுக்கு வகுப்பு எடுத்தேன். "யார் ஃபோன்ல கேட்டாலும் 'அதைச் சொல்ல முடியாதுங்க'. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக் கூடாது." கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தேன்.

அப்புறம் ஒருநாள் எனக்கே அந்த ஃபோன் வந்தது. கூப்பிட்டது என் அத்தை, அப்பாவின் தங்கை. சங்ககிரியில் லாரி ஓட்டுகிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அத்தை மகனுக்கு வருஷக்கணக்காகப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் இப்போது மாப்பிள்ளைகள்தான் காத்துக் கிடக்கிறார்கள். கடைசியில் எடப்பாடியில் ஓர் இடம் அமைந்தது. ஜாதகம் பொருந்தி, போய்ப் பார்த்து, பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்து, உறுதி பேச நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாமி, சாப்பிட்டயா?" என்று ஆரம்பித்தார். "அந்த எடப்பாடிப் புள்ள உங்க ஆசுபத்திரிக்கு அடிக்கடி வந்துட்டுப் போறாளாமா. மேல்மாடில உக்காந்திருந்ததை நம்ம லாரி ஆபீஸ்காரர் சம்சாரம் பாத்துட்டு வந்து சொல்லுது. என்ன ஏதுன்னு உன்ற கம்ப்யூட்டர்ல கொஞ்சம் பாத்துச் சொல்லு."

"அதைச் சொல்ல முடியாதுங்க அத்தை."

"நான் என்ன ஊர்ல போய்த் தமுக்கா அடிக்கப் போறேன்? என்ற காதோட போயிரும்."

"நீங்க கேக்கவே கூடாதுங்க. சொன்னா என் வேலை போயிரும். வெச்சிடறேன்."

"அப்படியா…" என்று இழுத்தார் அத்தை. பிறகு, "செரி சாமி. புரிஞ்சுது. நீ வெய்யி" என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. பந்தியில் ஒரு வடை குறைந்தாலே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற அத்தை! அவருக்கே தனியுரிமை புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தப் பெண்ணின் பேரை நான் கம்ப்யூட்டரில் தேடிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வகுப்பில் இதையே உதாரணமாகச் சொல்லிக் கைத்தட்டலும் வாங்கினேன். நினைத்தால் இப்போது கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

கொஞ்ச நாள் கழித்து அம்மா பேச்சுவாக்கில் சொன்னார், "அந்த எடப்பாடி எடத்தை வேண்டாம்னுட்டாங்க."

"ஏனாம்?"

"என்னையக் கேக்கறே? உன்னைக் கேட்டுத்தானே உட்டாங்க?"

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு விசாரிப்பதென்றால் எப்படி என்று எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளை வீட்டார் பெண் ஊருக்கு வந்து பால் சொசைட்டியில் கேட்பார்கள், டீக்கடையில் கேட்பார்கள், பஸ் ஸ்டாப்பில் கேட்பார்கள். நல்ல இடமாக இருந்தால், "தங்கமான குடும்பமுங்க, கண்ணை மூடிட்டுப் பண்ணுங்க" என்பார்கள். இல்லையென்றால் யாரும் கெட்டது சொல்வதில்லை. "நமக்கு அவ்வளவாப் பழக்கம் இல்லீங்க" என்பார்கள். கேட்டவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு வந்த முதல் வரனை என் அப்பா அப்படித்தான் விட்டார். அதற்குப் பிறகும், 'சொல்ல முடியாதுங்க' என்பதை ஒரு பூட்டு என்று நம்பினேனே, என்னைச் சொல்ல வேண்டும். 'உங்க மகனைப் பத்தி அவங்க கேட்டாலும் எனக்கு இதே பதில்தாங்க அத்தை' என்று இன்னும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை.

உடனே அத்தையைக் கூப்பிட்டேன். "அத்தை, அந்தப் புள்ளையைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. நான் பாக்கவே இல்லை."

"ஆமாஞ் சாமி, உனக்கு ஒண்ணும் தெரியாது. யாரு கேட்டாலும் அப்படியே சொல்லு. உன்ற பேரு வெளிய வராது, பயப்படாதே" என்று எனக்குத் தைரியம் சொன்னார்.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணே என் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள். நோயாளிகள் தங்கள் பதிவைப் பற்றி யாரிடம் கேட்க வேண்டும் என்று வரவேற்பில் நான் மாட்டிவைத்த பலகையைப் பார்த்து வந்திருந்தாள்.

"உங்க அத்தைகிட்ட என்னைப் பத்தி என்னங்க சொன்னீங்க?"

"ஒண்ணுமே சொல்லலைம்மா. சத்தியமா."

"அதையேதாங்க எல்லாரும் சொல்றாங்க. அவங்க அண்ணன் புள்ளையே வாயைத் தொறக்கலைன்னா என்னமோ பெருசாத்தான் இருக்கோணும்னு. இதுக்குப் பொறவு வந்த எடமும் கேள்விப்பட்டுட்டு நின்னு போச்சு."

ஆதார் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "என்ற பேர்ல என்ன இருக்குதுன்னு பாருங்க. நான் சொல்றேன், பாருங்க." திரையை அவள் பக்கம் திருப்பி வைத்துத் தேடினேன். பதிவு எதுவும் இல்லை என்று வந்தது. அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"எனக்குத் தெரியுமுங்க. நான் இங்க டாக்டரைப் பாக்கச் சீட்டே போட்டதில்லை. துணைக்குத்தான் வந்தேன்."

"யாருக்கு?" என்று கேட்டுவிட்டேன். வாய் தவறி வந்துவிட்டது.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்களே கேக்கறீங்களே."

எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஃபோனைக் கையில் எடுத்தேன். "நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்க பேர்ல இங்க ஒண்ணுமே இல்லைன்னு அத்தைகிட்ட இப்பவே சொல்றேன். சட்டப்படியும் தப்பில்லை."

ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆசை இருந்தது. அது முகத்தில் தெரிந்தது.

"வேண்டாமுங்க" என்றாள். "எனக்கில்லைன்னு ஆயிட்டா, அப்ப யாருக்குன்னு தேடுவாங்க. எங்கூட்ல இருக்கறதே நாலு பேரு. நான் கூட்டிட்டு வந்தவங்க இப்பத்தான் தேறி வாராங்க. வெளிய தெரிஞ்சா தாங்கமாட்டாங்க."

"அப்ப உங்க கல்யாணம்?"

"அவரு ஃபோன் பண்ணுனாருங்க. என்னவா இருந்தாலும் பரவாயில்லை, நீயே சொல்லீருன்னாரு. எனக்கு ஒண்ணுமில்லைன்னு சொன்னேன். அப்ப எதுக்குப் போனேன்னாரு. அதைச் சொல்ல முடியாதுங்கன்னேன். அதுக்குப் பொறவு அவரு கூப்படறதில்லை." ஆதாரை எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். "நல்ல மாதிரிங்க அவரு. எனக்குப் புடிச்சிருந்துது." கண் கலங்கியது. அதற்குமேல் நிற்காமல், "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அத்தை மகனுக்கு அயோத்தியாப்பட்டணம் பக்கம் பெண் அமைந்தது. சங்ககிரியில் கல்யாணம். நான் போகாமல் இருக்க முடியாது. மேடையில் அவன் சிரித்துக்கொண்டுதான் நின்றான். கைகுலுக்கும்போது மட்டும் என் கண்ணைப் பார்க்கவில்லை. எனக்குத்தான் அப்படிப் பட்டதோ என்னவோ. 'அந்தப் புள்ளைக்கு ஒண்ணுமே இல்லைடா' என்று தொண்டை வரை வந்தது. அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். மொய் எழுதிவிட்டுக் கிளம்பினேன்.

மண்டப வாசலில் அத்தை ஓடிவந்து என்னைத் தனியாக இழுத்துப் போனார். தேங்காய்ப் பையோடு ஒரு பட்டுச் சேலைப் பெட்டியையும் கையில் திணித்தார். நாத்தனார்களுக்குக்கூட அந்த மாதிரி எடுக்கவில்லை.

"இதெல்லாம் எதுக்குங்க அத்தை?"

"இருக்கட்டும் சாமி. நல்ல நேரத்துல எங்க குடும்பத்தைக் காப்பாத்துனே."

"நான் உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலைங்களே!" சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தை என் கன்னத்தைத் தடவி, விரலைத் தன் நெற்றியில் வைத்து நெட்டி முறித்தார்.

"அதுக்குத்தாஞ் சாமி இந்தச் சேலை."