எல்லாரும் பார்த்தாச்சு

1. முதல் நாள் வசவு

நடுவட்டம் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்தது போன் வேலை. ஆபீசுக்கும் ஃபேக்டரிக்கும் மூன்று டிவிஷன்களுக்கும் நடுவே கைப்பிடி சுற்றுகிற கறுப்பு போன் இருந்தது. இங்கே சுற்றினால் அங்கே மணி அடிக்கும். முதல் நாளே தப்பு நடந்தது. "ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டுக்குப் பூச்சிமருந்து" என்று சொன்னேன். மழை இரைச்சலில் அந்தப் பக்கம் எட்டு என்று கேட்டுக்கொண்டார்கள். எட்டாம் நம்பரில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, டேங்கைத் திறப்பதற்குள் யாரோ கத்தி நிறுத்திவிட்டார்கள்.

மேனேஜர் ஆபீசுக்கே வந்துவிட்டார். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கே? சொன்னது அவனுக்குக் கேட்டுச்சான்னு கேக்க மாட்டியா?"

அந்தக் காலத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. போன் மட்டம். மேனேஜர்கள் அதைவிட மட்டம். ஆனால் அவர்களால் ஒருத்தரைத் திட்டவேண்டும் என்றால்கூட அந்த ஆளின் முகத்தையோ குரலையோ தவிர்க்க முடியாது. அந்த ஒரு கஷ்டம் அவர்களுக்கு இருந்தது.

2. பக்கத்து அறைக்கு மெசேஜ்

என் கடைசி வருடங்களில் வந்த மேனேஜருக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. அவர் மேஜைக்கும் என் மேஜைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு. அவர் தும்மினால் எனக்குக் கேட்கும். இருந்தும், "ப்ளீஸ் கம்" என்று செல்போனில் மெசேஜ் வரும். எழுந்து போய் நிற்பேன். நிமிர்ந்து பார்க்காமலே சொல்வார்: "மெசேஜ்ல அனுப்பியிருக்கேன் பாருங்க."

திரும்பி வந்து பார்த்தால், "மழை அளவு நோட்டு எங்கே?" என்று இருக்கும். நோட்டு அவர் முழங்கைக்குக் கீழே இருக்கும்.

வந்த வாரமே ஒரு உத்தரவு போட்டார். "இனிமே யாரும் எனக்கு கால் பண்ண வேண்டாம். எதுவானாலும் குரூப்ல போடுங்க. ரெக்கார்டா இருக்கும்."

குரூப்பில் ஃபீல்டு ஆபீசர், சூப்பர்வைசர்கள், டிரைவர்கள், வாட்சர்கள், நான் என்று அறுபது பேர். விடிந்ததும் ஆரம்பிக்கும். சாமி படம், ரோஜாப் பூ, ஆவி பறக்கும் டீ கப். தேயிலைக்குள்ளேயே புரண்டு எழுகிறவர்களுக்கு டீ கப் படம்! மேனேஜர் "குட் மார்னிங்" என்று போட்டால், ஃபீல்டு ஆபீசர் "நோட்டட் சார்" என்று பதில் போடுவார். காலை வந்ததை அவர் குறித்துக்கொண்டாராம்.

கொழுந்து பறிக்கிற பெண்களில் ஒருத்தரும் அந்தக் குரூப்பில் இல்லை. எஸ்டேட்டே அவர்கள் கையில்தான் ஓடியது.

3. வெடிப்பு

ஆடி மழை விடாமல் பிடித்துக்கொண்ட நாலாம் நாள். காலை ஏழு மணிக்கு வாட்சர் சின்னராசு பதினொன்றாம் நம்பர் காட்டுக்கு மேலே உள்ள ரோட்டில் ஒரு வெடிப்பைப் பார்த்தான். போட்டோ எடுத்தான். டவர் கிடைக்கிற மேட்டுக்கு ஓடி, பேசிப் பதிவு செய்து குரூப்பில் போட்டான்.

"சார், பதினொன்னுக்கு மேல ரோடு வெடிச்சிருக்குதுங்க. கையே உள்ள போகுதுங்க. ஆளுங்கள அங்க எறக்க வேண்டாமுங்க."

அன்றைக்குக் கம்பெனியின் பெரிய அதிகாரி ஒருவருக்குப் பிறந்தநாள். அதிகாலையிலேயே மேனேஜர் வாழ்த்துப் போட்டிருந்தார். அதற்குக் கீழே கேக், பூங்கொத்து, கும்பிடுகிற கை என்று ஒரே திருவிழா. சின்னராசுவின் போட்டோ அதற்கு நடுவே விழுந்தது.

ஏழேகாலுக்கு நான் ஆபீசில் உட்கார்ந்து குரூப்பைத் திறந்தேன். சேற்று ரோடு படம் ஒன்று விரலுக்குக் கீழே நகர்ந்து போனது. தினமும் வருகிற படம்தானே என்று விட்டேன். அவன் பேசியதைக் கேட்கவில்லை. ஒரு கேக் பொம்மையைப் போட்டுவிட்டு போனை மூடினேன்.

ஒன்பதரை மணிக்கு மண் சரிந்தது. கீழே பதினாலு பேர் பறித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு பதிமூன்று பேர் ஓடித் தப்பினார்கள். ஓரத்து நிரையில் நின்ற பாக்கியத்தை இடுப்பு வரை மண் மூடிவிட்டது. கையாலேயே தோண்டி எடுத்தார்கள். உயிர் பிழைத்தாள். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

4. விசாரணை

அடுத்த வாரம் ஹெட் ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மேனேஜர் தன் போனை மேஜைமேல் வைத்தார்.

"தகவல் கரெக்ட் டைமுக்கு வந்திருக்கு சார். ஐம்பத்தெட்டு பேர் பார்த்திருக்காங்க. சிஸ்டத்துல குறை இல்ல."

வந்தவர்களில் ஒருவர் சின்னராசுவைக் கேட்டார். "நீ ஏம்ப்பா ஒரு கால் பண்ணல?"

"கால் பண்ண வேண்டாம்னு குரூப்ல போட்டிருந்தாங்களேங்க" என்றான்.

அடுத்து என்னைக் கேட்டார்கள். வாயைத் திறப்பதற்குள் என் போன் சிணுங்கியது. மேஜைக்கு அந்தப் பக்கம் நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்த மேனேஜர்தான் அனுப்பியிருந்தார். அதைச் சத்தமாகவே படித்தேன்.

"'ப்ளீஸ், தேவையில்லாம பேசாதீங்க'ன்னு சார் அனுப்பியிருக்காருங்க."

நான் தொடர்ந்து சொன்னேன். "அந்தப் படத்த நானும் பார்த்தேனுங்க. அவன் பேசுனதக் கேக்கல. கேக் பொம்ம போட்டேன். பார்த்தவங்க லிஸ்ட்ல மொதப் பேரு சாரோடதுங்க."

அதனால் என்ன நடந்துவிட்டது? எல்லாருக்கும் மெமோ வந்தது. சின்னராசுவுக்கும் வந்தது. மேனேஜர் அதே நாற்காலியில் இருந்தார். "குரூப் செய்திகளைக் கவனமாகப் படிக்கவும்" என்று ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் குரூப்பில் போட்டார். பத்து நிமிடத்தில் ஐம்பது கட்டைவிரல் அதன் கீழே எழுந்து நின்றது. ஃபீல்டு ஆபீசர் "நோட்டட் சார்" என்றார்.

5. பாக்கியம் கேட்டது

ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் பாக்கியத்தைப் பார்க்கப் போனேன். காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள்.

"உங்க போனுக்கு வந்துச்சாமே, கிளார்க்கம்மா?"

"வந்துச்சு பாக்கியம்."

"எட்டு மணி வரைக்கும் நாங்க பெரட்டுக் களத்துலதானே பேர் குடுத்துட்டு நின்னோம். ஆபீஸ் ஜன்னலத் தொறந்து ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவளுக்கு விளங்கவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற அந்தப் பெரட்டுக் களம் என் ஜன்னலிலிருந்து இருபது அடி. கொண்டுபோன ஆரஞ்சுப் பழத்தை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

அதன்பிறகு நான் ஓய்வு பெறும் வரை மழைக்கால காலைகளில் களத்துக்கு நடந்தே போனேன். வாட்சர்கள் அனுப்பியதை வாயால் சொன்னேன். "கேட்டுச்சுங்களா?" என்று கேட்டு, பதில் வரும் வரை அங்கேயே நின்றேன். "இது தேவையா?" என்று மேனேஜர் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மெசேஜ் அனுப்பினார். நான் பதில் போடவில்லை.

இப்போது வேலைக்குச் சேருகிற பிள்ளைகளே, போனைப் பழிக்கவில்லை. சின்னராசுவின் போன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. பார்த்தாச்சு என்று காட்டிவிட்டு உட்கார்ந்திருந்தது நாங்கள் ஐம்பத்தெட்டு பேர். ஒருவர் உயிர் சம்பந்தப்பட்ட சேதி கைக்கு வந்தால், நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்.