சைக்கிளைக் கைவிட்ட தாவல்

அன்று நடந்தவை, வரிசையாக:

1. முழுப்பரீட்சை லீவில் மாமா என்னை மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போனார். சைக்கிள் ஓட்டுவதற்கென்றே மண்ணை வெட்டி, மேடும் வளைவும் கட்டி, டிக்கெட் போட்டு விடுகிற இடம் அது.
2. பச்சைப் பலகை வைத்த பாதை சின்னப் பிள்ளைகளுக்கு. சிவப்புப் பலகை தாவத் தெரிந்தவர்களுக்கு. எனக்குச் சிவப்புதான் வேண்டும்.
3. அதற்குப் பயிற்சியாளர் முன்னால் ஒரு மேட்டில் தாவிக் காட்ட வேண்டும்.
4. தாவினேன். அந்தரத்தில் சைக்கிளைக் கைவிட்டேன்.

நான்காவதற்கு விளக்கம் தேவை.

மாமாவின் பனியன் கம்பெனிக்குப் பின்னால், வெட்டி மிஞ்சிய துணித்துண்டுகள், அதாவது கட்டிங் வேஸ்ட், குவிந்து கிடக்கும். பிள்ளைகள் நாங்கள் மூட்டை ஏற்றும் பலகையைச் சாய்த்து வைத்து, அதில் சைக்கிளை வேகமாக ஏற்றி அந்தத் துணிக்குவியலுக்குள் தாவுவோம். எங்கள் முறைப்படி, பாதியில் சைக்கிளை ஒரு பக்கம் தள்ளிவிட்டுக் கைகளை விரித்துக்கொண்டு விழ வேண்டும். சைக்கிளோடு இறங்குகிறவர் பயந்தாங்கொள்ளி.

மலையடிவாரத்தில் துணி இல்லை. வயிறு தேய மண்ணில் விழுந்தேன். ஹெல்மெட்டும் முழங்கால் உறையும் காப்பாற்றின. சைக்கிள் மட்டும் ஒழுங்காக இறங்கி, கொஞ்ச தூரம் தனியே ஓடி, வேலியில் சாய்ந்து நின்றது.

“பாப்பா, தாவுனது நல்லாத்தான் இருந்துச்சு. சைக்கிளை எதுக்கு விட்டே?” என்றார் பயிற்சியாளர்.

“கீழ வேஸ்ட் இருக்குமுங்க” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. மாமா சிரிப்பு தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து வந்து, “புள்ளை மேல தப்பு இல்லீங்க. எங்கூர்ல வண்டி தனியா, ஆளு தனியாத்தான் எறங்குவோம். இன்னொருக்கா உட்டுப் பாருங்க” என்று கெஞ்சினார். என் பக்கம் குனிந்து, “கண்ணு, இந்தவாட்டி அதையுங் கூட்டிக்கிட்டு வா” என்றார்.

கூட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு சக்கரமும் மண்ணைத் தொட்டன; அந்தச் சரிவே என்னை அடுத்த வளைவுக்குத் தள்ளிவிட்டது. சாயங்காலம் கேட்டை மூடும் வரை சிவப்புப் பாதையை விட்டு நான் இறங்கவில்லை. ஒரு மேடு தூக்கிப்போடுகிற இடத்தில் அடுத்தது தயாராக நின்றது. யாரோ அளந்து கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

திரும்பும்போது காரில் தீர்ப்பு சொன்னேன்: “அது கட்டி வெச்சது மாமா. நம்மளது தானா அமைஞ்சது. அதனால நம்மளதுதான் ஒசத்தி.”

“செரி கண்ணு” என்று மட்டும் சொல்லி வண்டியை ஓட்டினார்.

தானாக எதுவும் அமைந்திருக்கவில்லை. வேஸ்ட்டோடு உடைந்த தையல் ஊசிகளும் வந்து சேரும். லீவு நாட்களில் நாங்கள் எழுந்து வருவதற்குள், கயிற்றில் கட்டிய பெரிய காந்தத்தால் குவியல் முழுவதையும் மாமா கிளறி முடித்திருப்பாராம். டெக்ஸ்டைல் படித்து முடித்து, அதே கம்பெனியில் தரம் பார்க்கும் வேலைக்கு நான் சேர்ந்த பிறகுதான் அத்தை இதைச் சொன்னார்.

இப்போது அந்தக் குவியலில் மாமாவின் பேத்தி தாவுகிறாள். காலையில் காந்தம் இழுப்பது நான்.