நிழல் விழாத போர்டு

அன்றைக்கு அந்த வகுப்பறையில் இருந்தவர்கள் மொத்தம் நாலு பேர். நான். என் மனைவியின் தம்பி குமார். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. சாவிக்கொத்தோடு வாட்ச்மேன் ஏழுமலை. ஞாயிற்றுக்கிழமை, அதனால் பிள்ளைகள் கிடையாது.

பள்ளிக்கூடங்களில் புரொஜெக்டர் மாட்டுவது குமாரின் வேலை. கூட வருகிறவருக்குக் காய்ச்சல். "பெட்டியப் புடிச்சா போதும், வாங்க மாமா" என்றான். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை பஸ்ஸில் பெட்டி என் மடியில். எத்தனை ஸ்பீடு பிரேக்கர்... ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே கண்ணாடி இருக்கிறதாம். அதை அவன் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

கல்யாண மண்டபத்தில் கூரையிலிருந்து தொங்குமே, அந்த ரகமில்லை இது. வெள்ளையாக, மழமழவென்று ஒரு பெட்டி. போர்டுக்கு நேர் மேலே, சுவரிலிருந்து நீளும் இரும்புக் கையில் உட்கார்ந்துகொள்கிறது. போர்டிலிருந்து ஒரு முழ தூரம் இருந்தால் அதிகம். உடம்பில் ஒரு பள்ளம், அதற்குள் வளைந்த கண்ணாடி. லென்ஸின் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, போர்டு முழுக்க இறங்குகிறது. போர்டின் தலைமாட்டில் சோப்பு டப்பா அளவில் இன்னொன்று — விரல் எங்கே படுகிறது என்று அதற்குத் தெரியும். பேனா இரண்டு. மை கிடையாது.

"விழுந்துடாதா?" நாலாவது தடவையாகக் கேட்டேன்.

"நாலு போல்ட்டு மாமா. உங்களையே தொங்கவுடலாம்."

ஏழுமலை என்னை மேலும் கீழும் பார்த்தார். எடை போடுகிறார் போல.

படம் வந்தது. ஸ்க்ரூ டிரைவர், ஒயர் என்று எடுத்துக் கொடுக்க அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போகும்போதெல்லாம் குனிந்தே போனேன். படத்தை மறைத்துவிடக் கூடாதே? மூன்றாவது முறை தலைமையாசிரியை சிரித்துவிட்டார்.

"நிமுந்தே போங்க மாமா, இதுல நெழலு உழாது" என்றான் குமார்.

நிமிர்ந்தேன். உண்மைதான். கண்ணும் கூசவில்லை, படத்தில் என் தலையும் கறுப்பாக எழவில்லை. பாதியில் படிப்பை விட்டவனுக்கு எந்தப் பள்ளிக்கூடத்துக்குள் போனாலும் முதுகு தானாக வளைகிறது. புரொஜெக்டர் மேல் பழியைப் போட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

அடுத்து, விரல் படும் இடத்தை அந்தச் சோப்பு டப்பாவுக்குப் பழக்க வேண்டும்: போர்டில் ஒவ்வொரு இடமாகப் புள்ளி தோன்றும், அதைத் தொட வேண்டும். நான் புள்ளியை விட்டுப் பக்கத்தில் தொட்டதில் ரெண்டு தடவை முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஒருவழியாக முடிந்ததும் குமார் பேனாவை நீட்டினான். "ஏதாச்சும் எழுதிப் பாருங்க மாமா."

வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு எழுதுகிறேன்தான். ஆனால் போர்டில்?

எட்டாவது படிக்கும்போது கணக்கு வாத்தியார் ஒரு கணக்கை எழுதி, "நாளைக்கு நீ வந்து போடு" என்று என்னைக் காட்டினார். பயத்தில் வீட்டில் திரும்பத் திரும்பப் போட்டு மனப்பாடமே ஆகிவிட்டது. மறுநாள் பரீட்சை ஃபீஸ் கட்டாதவர்களை வராந்தாவில் நிறுத்தினார்கள். வேறொருவன் அந்தக் கணக்கைப் போடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தப்பாகப் போட்டான். அதற்கப்புறம் நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

பேனாவை வாங்கினேன். மூன்று எக்ஸ் கூட்டல் ஏழு, சமம் இருபத்தெட்டு. கோடு பேனா முனையிலேயே ஒழுங்காக வந்தது. மூன்றாவது வரியில் விடை: ஏழு.

தலைமையாசிரியை கிட்டே வந்தார். பழக்கதோஷம்... விரலாலேயே பக்கத்தில் ஒரு டிக் போட்டார்.

"அழிச்சிடவா மாமா?"

"கொஞ்சம் இரு மச்சான்."

கடலூரில் நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு இன்னும் தர வேண்டிய பரீட்சை ஃபீஸ் பாக்கி: பதினேழு ரூபாய் ஐம்பது காசு.