துரைக்கு எழுதிக் கொடுத்த களைப்பு

மலாயாவில் சிகாமட்டிலிருந்து எட்டு மைல் உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பெரிய கிராணியாக இருந்தேன். கிராணி என்றால் ஆபீஸ் எழுத்து வேலைக்காரன்; துரைக்கும் கூலியாட்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டுகிறவன். ரப்பர் விலை விழுந்து, பாதி ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பியிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களை வைத்துத்தான் எல்லா மரத்திலும் பால் வெட்டியாக வேண்டும். அந்த நேரத்தில் எங்களுக்கு ஒரு புதுத் துரை வந்து சேர்ந்தார். வெள்ளைக்காரர்தான், ஆனால் இங்கிலீஷ்காரர் அல்லர். சீனக் கரையில் மக்காவ் துறைமுகத்தில் பிறந்த போர்த்துக்கீசியர், சிங்கப்பூரில் இருந்த முதலாளி ஒருவருக்கு மைத்துனர் முறை. மலாய் கடைத்தெரு அளவுக்குப் பேசுவார். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பார். தமிழில் ஒரு சொல்லும் தெரியாது.

தினமும் விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவோம். அதற்குப் பெரட்டு என்று பெயர். அது முடிந்ததும் யார் வரவில்லை, யாருக்கு என்ன குறை என்று ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதித் துரையின் மேசைக்கு அனுப்ப வேண்டும். புதுத் துரை வந்த இரண்டாம் நாளே, புரியாத சொற்களுக்குக் கீழே போர்த்துக்கீசியமும் எழுதித் தரும்படி உத்தரவு போட்டார். கூடவே அட்டை பிய்ந்த அகராதி ஒன்றையும் கொடுத்தனுப்பினார். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. யாழ்ப்பாணத்தில் பிரம்படி வாங்கிப் படித்த ஆங்கிலத்தை நம்பிக் கடல் கடந்து வந்தவன் நான். நாற்பது வயதில் இன்னொரு பாஷைக்கு அரிச்சுவடி எடு என்றால் யாருக்குத்தான் எரியாது?

அகராதியைப் புரட்டியபோது ஒரு வேடிக்கை கண்டேன். எங்கள் வீட்டுச் சாமானில் பாதி அதற்குள் இருந்தது. நாங்கள் உட்காருகிற கதிரை, வாங்கு, போடுகிற சப்பாத்து, மூக்குத் துடைக்கிற லேஞ்சி, பேக்கரியில் வாங்கித் தின்கிற பாண், திறக்கிற யன்னல் எல்லாம் போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொற்கள். யாழ்ப்பாணத்தைக் கட்டி ஆண்டுவிட்டுப் போனவர்கள் களைப்புக்கு மட்டும் சொல் விட்டுப் போகவில்லை. அலுப்பு, இளைப்பு, அசதி, ஆயாசம், ஓய்ச்சல் என்று அது எங்களிடமே தாராளமாக இருந்தது.

களைப்பைப் பற்றிச் சொல்லக் காரணம் உண்டு. ஒருநாள் துரை ‘டயர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் கீழே அழுத்திக் கோடு போட்டு என் தாளைத் திருப்பி அனுப்பினார். இந்தச் சொல் தினமும் வருகிறது, எவ்வளவு களைப்பு என்று எனக்கு எப்படித் தெரியும், இதன் அர்த்தங்களையும் இதற்கு உறவான சொற்களையும் குறைந்ததிலிருந்து கூடியது வரை போர்த்துக்கீசியத்தோடு எழுதிக் கொடு என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்கே போயிற்று. முதலில் கன்சாடு: வேலை செய்தவனுக்கு வருகிற சாதாரணக் களைப்பு, ஒரு கோப்பைத் தேத்தண்ணீரில் போய்விடும். அடுத்தது ஃபத்திகாடு: தூங்கி எழுந்தும் போகாதது. அதற்குக் கீழே மொயிடு: அம்மியில் வைத்து அரைத்த மாதிரி உடம்பெல்லாம் நோவது. கடைசியில் எஸ்கொத்தாடு: கிணற்றை அடிமட்டம்வரை இறைத்துவிட்ட நிலை, இனி எடுக்க ஒன்றும் இல்லை. ஃபார்த்து என்றும் ஒன்று இருந்தது. அது மனம் சலித்து வெறுத்துப் போவது. கூலியாட்களுக்கு அது வராது என்று நினைத்தாரோ என்னவோ, துரை அதை மட்டும் சிவப்பு மையால் அடித்துவிட்டார். எனக்கு இருந்த களைப்பு அதுதான்.

அந்தத் தாளைத் துரை தம் அறைச் சுவரில் ஒட்டி வைத்தார். மறுவாரம் மரங்களைப் பார்க்கப் போனபோது, பட்டை வறண்டு பால் நின்றுபோன மரங்களைத் தடவிப் பார்த்து ‘எஸ்கொத்தாடு’ என்றார். மேட்டுச் சரிவில் இருந்த அத்தனை மரத்துக்கும் வெள்ளைச் சாயத்தால் அடையாளம் போட்டு, ஆறு மாதம் கத்தி படக்கூடாது என்று ஆட்களை மேய்க்கிற கங்காணியிடம் கண்டிப்பாகச் சொன்னார். மரத்துக்கு அந்தச் சொல் உதவியது.

ஆட்களுக்கு அதை நான் ஒருநாளும் எழுதவில்லை. எங்கள் தோட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. யாரும் போட்ட சட்டமில்லை, ஆனால் சட்டத்தைவிடக் கெட்டி. கூலி சொல்கிற குறையைக் கங்காணி பாதியாக்கி என்னிடம் சொல்வார். அதை நான் இன்னும் பாதியாக்கித் துரைக்கு எழுதுவேன். பெரிய வார்த்தை மேலே போனால், முந்தின துரைமார் ஆளைக் கேட்கமாட்டார்கள். சீக்காளியை ஏன் வரிசையில் வைத்திருக்கிறாய் என்று எங்களைத்தான் பிடிப்பார்கள். ஆட்களுக்கும் இது தெரியும். அதனால் வெறும் தலைவலிக்கே ‘செத்துப் போறேன் சாமி’ என்பார்கள். அவர்கள் கூட்டுவதால் நாங்கள் குறைப்போம், நாங்கள் குறைப்பதால் அவர்கள் கூட்டுவார்கள். இப்படியே வருஷங்கள் ஓடின, எவனுக்கும் எவன் சொல்லிலும் நம்பிக்கை இல்லை.

கூலியாட்கள் குடியிருந்த லயத்தின் கடைசி வீட்டில் ஒரு பால்வெட்டுக்காரி இருந்தாள். வீண் பேச்சு இல்லாதவள், குறை என்று ஒருநாளும் பெரட்டில் வாய் திறக்காதவள். மூன்றாவது பிள்ளை பிறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. ஆள் குறைவு என்று அவளை வேலைக்கு இறக்கிவிட்டார்கள். ஒரு திங்கட்கிழமை விடியலில் வரிசையில் நிற்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கொஞ்சம் அசதியாத்தான் இருக்குதுங்க ஐயா,” என்றார் கங்காணி. “புள்ள பெத்த ஒடம்புங்களா, அப்படித்தான் இருக்கும். மத்தபடி ஒண்ணும் இல்லிங்க.”

வடிகால் வெட்டுகிறவனான அவளுடைய புருஷன் பின்னாலிருந்து முன்னே வந்தான். “ஐயா, ஒரு பத்து நாளு வீட்டுல கெடக்கட்டுங்க. நிக்கவே முடியலைங்குது. அது அப்படிச் சொல்ற ஆளு இல்லிங்க.”

அரிக்கன் விளக்கை நான்தான் பிடித்திருந்தேன். அவள் உதடு வெளிறிக் கிடந்ததைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பிள்ளை பெற்றவளின் சங்கடத்தை மூன்று ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் எப்படிச் சொல்வாள்?

“ஓம், நான் துரைக்கு எழுதி விடுறன்,” என்றேன்.

எழுதினேன். ‘டயர்ட்’ என்று எழுதி, அதன் கீழே ‘கன்சாடு’ என்று போட்டேன். வேலைக்குப் போகலாம் என்று தாள் திரும்பி வந்தது. மருந்து கொடுக்கிற டிரசர் வியாழக்கிழமைதான் வருவார். ஆள் விட்டு அழைக்கலாம், ஆனால் அதற்கும் காரணம் எழுத வேண்டும். செவ்வாய்க்கிழமையும் அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கங்காணியும் அதையே சொன்னார், நானும் அதையே எழுதினேன். புதன்கிழமை எனக்கே உடம்பு அலுப்பு, மனசு அலுப்பு; முதல்நாள் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதிக்கொண்டே போனேன். அவள் பெயருக்கு எதிரே அந்தச் சொல்லைக்கூட எழுதவில்லை. மேற்படி என்று இரண்டு சின்னக் கோடு போட்டேன்.

அன்றைக்குப் பத்து மணி இருக்கும். தனக்கு விட்ட மர நிரையில் ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவளைப் பக்கத்து நிரைக்காரி பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாள். சேலை முழுக்க இரத்தம். பால் வாளி மட்டும் சிந்தாமல் பக்கத்தில் இருந்ததாம். கம்பில் துணி கட்டித் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வந்தார்கள். சிகாமட் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டுவண்டி பூட்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

சாயந்தரம் துரை கூப்பிட்டார். மூன்று நாள் தாளும் அவர் மேசையில் கிடந்தன. எழுந்து சுவரிடம் போய், என் கையெழுத்தில் ‘எஸ்கொத்தாடு’ என்று இருந்த வரியில் விரலை வைத்து, “கெனாப்பா தா துலிஸ்?” என்று மலாயில் கேட்டார். ஏன் எழுதவில்லை என்று அர்த்தம். அவர் கத்தவில்லை. மரத்துக்கு ஆறு மாதம் கொடுத்தவன் ஒரு பெண்ணுக்குப் பத்து நாள் தரமாட்டேனா என்றார். தந்திருப்பாரா மாட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. செத்தவர்களுக்குத் தாராளம் காட்டுவது எல்லாருக்கும் சுலபம். ஆனால் கேட்டிருந்தால்தானே தெரியும்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். அந்தப் பூசாரி நான்தான்.

காரியமெல்லாம் முடிந்து இரண்டு நாள் கழித்து அவளுடைய புருஷன் ஆபீஸ் வாசலுக்கு வந்தான். கைக்குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. என்னென்ன கேட்பானோ என்று நினைத்துக்கொண்டே பேனாவைக் கீழே வைத்தேன். வந்தவன் உள்ளே வராமல் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றான்.

“கிராணி ஐயா, ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு நீங்க எழுதிக் குடுத்தீங்கதானே?”

துரை திருப்பி அனுப்பிய அந்த மூன்று தாளும் என் முன்னால்தான் இருந்தன. அவனுக்கு வாசிக்கத் தெரியாது.

“எழுதினனான்,” என்றேன். “நல்லாச் சுகமில்லை, கட்டாயம் ஓய்வு வேணும் எண்டுதான் எழுதினனான். துரைதான் விடேல்லை.”

அவன் தலையை ஆட்டினான். “தெரியுங்க ஐயா. கங்காணிதான் வேற மாதிரி பேசிக்கிட்டுத் திரியறாரு. நான் நம்பலிங்க. கிராணி ஐயா நம்ம தமிழ் ஆளு, வுட்டுக்குடுக்க மாட்டாருன்னு வீட்டுல அதுகிட்டயும் சொன்னேன். அதை நம்பித்தாங்க மூணு நாளும் எந்திரிச்சுப் போச்சு. ஐயா எழுதியிருக்காரு, இன்னிக்கு உத்தரவு வந்துரும்னு சொல்லிக்கிட்டே போச்சு.”

குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, இன்னொரு கையை நெற்றிக்கு உயர்த்தி என்னைக் கும்பிட்டான். அந்தக் கும்பிடை நான் வாங்கிக்கொண்டேன்.